ஆவணி ஒன்றாம் தேதி சுதந்திரம்

போன வாரம் விடுதிச் சாம்பாரைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு, விழுப்புரத்தில் என்னோடு வேலை பார்க்கும் கணக்கு வாத்தியார் இடைவேளையில் என்னைப் பிடித்துக்கொண்டார். “சாம்பார் இருக்கட்டும் முருகேசன். அந்த விடுதியில் உங்களுக்கு ‘ஆவணி’ என்று பட்டப்பெயராமே. அதை ஏன் எழுதவில்லை?”

வெகு நாள் அதைச் சொல்லவே வெட்கமாக இருந்தது. இப்போது இல்லை. வெட்கம் எப்படிப் போனது என்பதையும் சேர்த்தே எழுதிவிடுகிறேன்.

திண்டிவனம் ஹைஸ்கூலில் நான் சேர்ந்து சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. ஆடிக் காற்று ஜன்னல் வழியாகப் புழுதியை வாரி இறைத்துக்கொண்டிருந்த ஒரு பிற்பகல். சர்க்கார் கொடுத்த காக்கி நிக்கர் கஞ்சி விறைப்புப் போகாமல் தொடையில் உரசிக்கொண்டிருந்தது. சரித்திர வாத்தியார் சபாபதி சார் வரிசையாகக் கேள்வி கேட்டபடி வந்தார். என் முறை வந்தது.

“நம்ம தேசத்துக்கு என்னிக்குடா சுதந்திரம் வந்துது?”

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடப் பெஞ்சில் உட்கார்ந்த முதல் ஆள் நான். எந்தக் கேள்வியில் மாட்டிக்கொள்வேனோ என்று எந்நேரமும் பயம். அப்படிப்பட்டவனுக்கு இந்தக் கேள்வி வெல்லக்கட்டி மாதிரி வந்து விழுந்தது. எழுந்து, கையைக் கட்டிக்கொண்டு, வகுப்பு முழுக்கக் கேட்கும்படி சொன்னேன்.

“ஆவணி ஒண்ணாந்தேதி சார்!”

வகுப்பே சிரித்தது.

“எந்த நாட்டுக்குடா?” என்றார் சார்.

“நம்ம நாட்டுக்குத்தான் சார்.”

“இங்கிலீஷ் மாசத்துல சொல்லு.”

“இங்கிலீஷ் மாசம் தெரியாதுங்க சார். எங்க ஊர்ல ஆவணி ஒண்ணாந்தேதிதான் கொடி ஏத்துவாங்க. எங்க நைனாதான் மோளம் அடிச்சி எல்லாரையும் கூப்புடுவாரு.”

கடைசிப் பெஞ்சிலிருந்து ஒருவன், “டேய் ஆவணி, உக்காருடா!” என்றான். அவ்வளவுதான். எஸ்.எஸ்.எல்.சி. முடித்து வெளியே வரும்வரை எனக்கு அதுதான் பெயர்.

சபாபதி சாரும் சிரித்தவர்தான். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, “நாளையிலேர்ந்து மணி தொங்கற எடத்துல இருக்கற பலகை உன்னோடது. சரித்திரத்துல அதே தேதியில என்ன நடந்ததுன்னு தினமும் காலையில எழுது. உனக்குத் தேதி பழகணும்” என்றார்.

பானைக்குள் இருந்த கொடி

நான் சொன்னது பொய்யில்லை. எங்கள் ஊருக்குச் சுதந்திரம் ஆவணி ஒன்றாம் தேதிதான் வந்தது.

திண்டிவனத்திலிருந்து செஞ்சி போகும் ரோட்டில், வல்லத்துக்கு இப்பால் பஸ்ஸை விட்டு இறங்கி ஏரிக்கரையோடு நடந்தால் எங்கள் ஊர். நான்கு தெரு, நடுவில் மாரியம்மன் கோயில், அதன் முன்னால் மைதானம். வாய்க்காலைத் தாண்டினால் எங்கள் சேரி. ஊர்க்காரர்களுக்கு நிலம் உண்டு. மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலை, கேப்பை என்னும் கேழ்வரகு, ஏரி நிரம்பினால் நெல். எங்களுக்கு அந்த நிலத்தில் வேலை உண்டு. நைனாவுக்கு, அதாவது என் அப்பாவுக்கு, கூடுதலாக ஒரு வேலை: ஊருக்குச் செய்தி என்றால் பறையடித்துத் தண்டோரா போடுவது.

அந்த வருஷம் ஆடி அமாவாசையும் சுதந்திரமும் ஒன்றன்மேல் ஒன்றாக வந்துவிட்டன. ஆடி அமாவாசை என்றால் எங்கள் பக்கத்தில் மேல்மலையனூர் அம்மன் கோயில் திருவிழா. ஊர் மொத்தமும் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு வண்டியேறிப் போய்விட்டது. சேரிக்கும் அம்மன்மேல் பக்தி உண்டுதான். ஆனால் வண்டி கிடையாது. அதோடு, ஊர்க்காரர்கள் விட்டுவிட்டுப் போன மாடுகளுக்கு யாராவது தண்ணீர் காட்டியாக வேண்டுமே.

ஆகஸ்ட் பதினைந்தாம் தேதி காலை பஸ்ஸில் திண்டிவனத்துக் கதர்க்கடைக்காரர் ஒருவர் வந்து இறங்கினார். தோளில் பை. பை நிறைய, வழியிலுள்ள ஊர்களுக்கெல்லாம் கொடிகள். எங்கள் ஊரில் நான்கு தெருவும் சுற்றிப் பார்த்தார். எல்லாக் கதவிலும் பூட்டு. கடைசியில் வாய்க்காலைத் தாண்டி எங்கள் வீட்டு வாசலுக்கு வந்து நின்றார். எனக்கு அப்போது ஏழோ எட்டோ வயது. அவர் நெற்றியில் வழிந்த வியர்வையும் சட்டையின் சலவை நீல வாசனையும் இன்னும் நினைவிருக்கின்றன.

“என்னய்யா, ஊர்ல ஒரு ஈ காக்காயைக் காணோம்?”

“அமாவாசைக்குப் போய்க்கிறாங்க சாமி” என்றார் நைனா.

“இன்னிக்குப் பாத்தா? வெள்ளைக்காரன் போயிட்டான்யா! சுதந்திரம்!”

நைனா கொஞ்சம் யோசித்தார். “திரும்பி வந்துடுவானா சாமி?”

“வரவே மாட்டான்!”

அடுத்த ஊருக்குப் போகும் பஸ்ஸைப் பிடிக்கிற அவசரம் அவருக்கு. நைனா கையில் கொடியைத் திணித்து, “நாட்டாமை வந்ததும் குடுத்து ஏத்தச் சொல்லு” என்று சொல்லிவிட்டு ஓடினார்.

எங்கள் வீட்டில் எலி தொடாத இடம் ஒன்றே ஒன்றுதான். அம்மாவின் கேப்பைப் பானை. கொடியைப் பிரிக்காமல், மடித்த மடிப்போடு வெள்ளைத் துணியில் சுற்றி அதற்குள் வைத்து மூடினாள். கொடி உள்ளே இருக்கும்வரை பானையைத் திறக்கக் கூடாது என்று கட்டளை. கூழ் கிடையாது. மல்லாட்டையை அவித்துத் தின்றோம். தேசத்தின் சுதந்திரம் இரண்டு ராத்திரி எங்கள் வீட்டுக் கேப்பைக்குள் படுத்திருந்தது.

மூன்றாம் நாள் காலை, ஆவணி பிறந்த அன்று, வண்டிகள் திரும்பின. நைனா இரண்டு கையாலும் கொடியை ஏந்திக்கொண்டு மைதானத்துக்குப் போனார். நான் பின்னாலேயே ஓடினேன். பூசாரி, கொடிமேல் தெளிக்கத் தண்ணீர்ச் செம்பை எடுத்தார்.

“கொடிக்கு ஏதுய்யா தீட்டு? செம்ப கீழ வெய்” என்றார் நாட்டாமை. பிறகு நைனாவைப் பார்த்து, “போய் தண்டோரா போட்டுட்டு வா” என்றார்.

தண்டோராவுக்கு ஓர் எல்லை உண்டு. நான்கு தெருவிலும் அடித்துவிட்டு வாய்க்கால் ஓரத்தில் நிறுத்திவிட வேண்டும். சேரிக்கு எதையும் பறையடித்துச் சொல்லும் வழக்கமில்லை. அறுப்புக்கு ஆள் வேண்டுமென்றால் கரையில் நின்று யாராவது குரல் கொடுப்பார்கள். அன்றைக்கு நைனா வாய்க்கால் ஓரத்தில் நிறுத்தவில்லை. அடித்துக்கொண்டே இறங்கி, அடித்துக்கொண்டே ஏறி, எங்கள் தெருக்கோடிவரை போனார்.

யார் அப்படிச் செய்யச் சொன்னது என்று பல வருஷம் கழித்து ஒருமுறை கேட்டேன். “யாரும் சொல்லலடா. கை நிக்கல” என்றார்.

சேரி ஜனம் முழுக்க மைதானத்துக்குப் போனது. உள்ளே போகவில்லை. ஓரத்தில், ஒரு புங்க மரத்தடியில் ஒருவரோடொருவர் ஒட்டிக்கொண்டு நின்றார்கள். யாரும் வா என்று சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. கொடி ஏறியது. அவித்த கடலை எங்களுக்கும் வந்தது.

அதிலிருந்து வருஷா வருஷம் ஆவணி ஒன்றாம் தேதி எங்கள் ஊரில் கொடியேற்றம். வருஷா வருஷம் நைனா வாய்க்காலைத் தாண்டி அடிப்பார். வருஷா வருஷம் நாங்கள் அந்தப் புங்க மரத்தடி. மரம் தாழ்ந்து படர்ந்தது. கிளைகளுக்கு அடியில் குனிந்து பார்த்தால் கொடியின் கீழ்ப்பாகம் மட்டும் தெரியும். நம் தேசத்துக் கொடி பச்சை நிறம் என்றுதான் திண்டிவனம் போகும்வரை நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மணிக்குக் கீழே ஒரு பலகை

திரும்பவும் திண்டிவனம்.

தினமும் பிரார்த்தனைக்கு முன்னால் பலகையைக் கோவை இலையால் தேய்த்துக் கழுவி எழுதுவேன். யுத்தம் ஆரம்பித்த நாள், யுத்தம் முடிந்த நாள், ஒருவர் கப்பலேறிய நாள், ஒருவர் கரையிறங்கிய நாள். கேப்பை விதைப்பு, மல்லாட்டை பிடுங்கல் என்று மாதத்தை எண்ணிப் பழகிய எனக்கு, உலகத்தில் ஒவ்வொரு நாளும் ஏதாவது ஒன்று நடந்திருக்கிறது என்பது பெரிய ஆச்சரியம். விடுமுறை நாளில்கூட, இன்றைக்கு என்ன ஆயிற்றோ என்று மனசு தேடும்.

கடைசி வருஷம் ஐப்பசி, கார்த்திகை மழையில் ஒரு நாள். அரியலூர்ப் பக்கம் ஆற்றுவெள்ளத்தில் பாலம் பெயர்ந்து, தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்துவிட்டது என்று செய்தி வந்தது. முந்தின ராத்திரி திண்டிவனம் ஸ்டேஷனைத் தாண்டிப் போன அதே வண்டி. விடுதியில் தூக்கத்தில் புரளும்போது அதன் கூவலைக் கேட்டிருப்போம். சுண்ணக்கட்டியை எடுத்துக்கொண்டு சபாபதி சாரிடம் ஓடினேன்.

“சார், இதை எழுதட்டுமா?”

அவர் என் கையிலிருந்த சுண்ணக்கட்டியை வாங்கிக்கொண்டார். “இது இன்னும் சரித்திரம் ஆகலடா. வீட்டுக்கு வராதவங்களைத் தேடிக்கிட்டு இருக்காங்க. இன்னிக்கு ஒண்ணும் எழுதாதே” என்றார்.

அன்று பலகை வெறுமையாக இருந்தது. பையன்கள் அந்த வெறும் பலகையையும் நின்று பார்த்துவிட்டுத்தான் போனார்கள்.

இன்னொன்று. என் தாய்மாமன் இருந்தது புதுச்சேரிச் சீமையில். மாமன் வீட்டுக்குப் போனால் எல்லையில் சுங்கக்காரன் அம்மாவின் மூட்டையை அவிழ்த்து, உள்ளே இருக்கும் முறுக்கை உடைத்துப் பார்ப்பான். என் பட்டப்பெயர் மாமனுக்கும் தெரியும். “நீயாவது ரெண்டு நாள் லேட்டு. எங்களுக்கு இன்னும் வரவேயில்ல மாப்ள” என்பார். பிறகு ஒரு நவம்பர் முதல் தேதி பிரெஞ்சுக்காரர்கள் நிர்வாகத்தைக் கைமாற்றினார்கள். அந்த வாரமே மாமன் வந்துவிட்டார். “எங்களுக்கும் வந்துடுச்சி மாப்ள. ஐப்பசில!” சட்டப்படி எல்லாம் முடிந்தது இன்னும் பல வருஷம் கழித்து, இன்னோர் ஆகஸ்டில். ஆக, எங்கள் குடும்பத்துக்குள்ளேயே சுதந்திரத்துக்கு மூன்று நான்கு தேதிகள்.

திண்டிவனத்துப் படிப்பகத்தில் பழைய பத்திரிகைகளைத் தைத்து வைத்திருப்பார்கள். பலகைக்கு விஷயம் தேட அங்கே போவேன். ஒரு நாள், சுதந்திரம் வந்த அந்த முதல் ஆகஸ்ட் மாதத்துக் கட்டு கையில் கிடைத்தது. புரட்டிக்கொண்டே போனவன் ஓரிடத்தில் நின்றுவிட்டேன். இரண்டு தேசங்களையும் பிரிக்கும் எல்லைக்கோடு எங்கே போகிறது என்பது, சுதந்திரம் கிடைத்து இரண்டு நாள் கழித்து, ஆகஸ்ட் பதினேழாம் தேதிதான் வெளியாகியிருக்கிறது. வங்காளத்தில் சில இடங்களில் ஒரு தேசத்துக் கொடியை ஏற்றிவிட்டு, பிறகு இறக்கி மற்றதை ஏற்றியிருக்கிறார்கள்.

ஆகஸ்ட் பதினேழு என்றால் எங்கள் ஆவணி ஒன்று.

அந்த வருஷம் அந்தத் தேதி வந்ததும் பலகையில் எழுதினேன்: ‘தாங்கள் எந்த நாட்டில் இருக்கிறோம் என்பது லட்சக்கணக்கான ஜனங்களுக்குத் தெரிந்த நாள்.’ கடைசிப் பெஞ்சுக்காரன் படித்துவிட்டு, “டேய் ஆவணி, உங்க ஊரு தனியா இல்லடா” என்றான். அவன் கேலியாகச் சொன்னானா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

“அத்தயும் புடுங்கிக்கினு போறியே”

இது இரண்டு வருஷத்துக்கு முன்னால் நடந்தது. நான் விழுப்புரத்தில் வாத்தியாராகிவிட்டேன். என் கடைசித் தங்கை அஞ்சலை ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது முடித்துவிட்டு வீட்டில் இருந்தாள். எங்கள் ஊரில் ஐந்தோடு சரி. ஆறாவதுக்கு ஏரியைச் சுற்றிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போக வேண்டும். பெண்பிள்ளையை யார் அனுப்புவார்கள்? புன்செய்க் கொல்லையில் களை எடுக்கப் போய்க்கொண்டிருந்தாள்.

ஊரிலேயே ஆறாவது வேண்டுமென்று பஞ்சாயத்து யூனியன் ஆபீசர் பி.டி.ஓ.வைப் போய்ப் பார்த்தேன். நல்ல மனிதர். “சுதந்திர தினத்தன்னிக்குக் காலையில வந்து கொடியேத்தறேன். ஜனங்களுக்கு அக்கறை இருக்குதான்னு பாத்துட்டு, அங்கேயே ஆறாங்கிளாஸ் ஆரம்பிக்கச் சொல்லிடலாம். எனக்கு மாற்றல் உத்தரவு வந்துடும் போல இருக்கு. இந்தத் தேதி தவறிட்டா அப்புறம் என் கையில இல்ல” என்றார்.

எங்கள் ஊரில் பதினைந்தாம் தேதி கொடி ஏறாது என்று அவரிடம் எப்படிச் சொல்வது? நேராக நாட்டாமை வீட்டுக்குப் போனேன். அதே மனிதர்தான், வயதாகிவிட்டது. எதிர்ப்பார் என்று நினைத்தேன். அவரோ, “வாத்தியாரு சொன்னா சரிதான். பதினஞ்சே வெச்சுக்கலாம். மைக் செட்டுக்குச் சொல்லிடறேன், நோட்டீஸும் போட்டுடலாம். மோளம்லாம் இனிமே எதுக்கு, பட்டிக்காடு மாதிரி” என்றார்.

தேதியைச் சரிசெய்துவிட்ட சந்தோஷத்தோடு வீட்டுக்கு வந்தேன். அம்மா அடுப்பிலிருந்து திரும்பாமலேயே கேட்டாள்.

“நாள மாத்திட்டு வந்துகிறியாமே?”

“மாத்தலம்மா, சரி பண்ணிக்கிறேன். தேசம் பூரா பதினஞ்சாந்தேதிதான்.”

“தேசம் கொண்டாடட்டும், நான் இன்னா வாணான்னா சொல்றேன்? மைக் செட்டு வந்தா உங்க நைனா மோளம் இன்னாத்துக்கு? மோளம் இல்லன்னா நம்பள யாருடா கூப்புடுவா?”

“யாரும் கூப்பிட வேணாம்மா. எல்லாரும் போலாம். சட்டம் இருக்குது.”

“சட்டம் இருந்துகினுதான் கீது.” இப்போது திரும்பினாள். புகையில் கண் சிவந்திருந்தது. “நான் அந்த மைதானத்துல வருசத்துக்கு ஒரு நாளு நிக்கறேன். ஒரே ஒரு நாளு. அத்தயும் நீ படிச்சிட்டு வந்து புடுங்கிக்கினு போறியே.”

மூலையில் மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்த அஞ்சலை தலையைத் தூக்காமல் சொன்னாள்: “எனக்கு ஆறாங்கிளாஸ் வேணும்மா.”

அம்மா அவளைப் பார்த்தாள். பிறகு அடுப்பை ஊத ஆரம்பித்தாள். நைனா கயிற்றுக் கட்டிலில் படுத்துக்கொண்டு கூரையைப் பார்த்தபடி இருந்தார்.

அப்புறம்தான் நாட்டாமை ஆளனுப்பினார். பஞ்சாங்கத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“பேஜாராப் போச்சு வாத்தியாரே. இந்தத் தபா ஆடி அமாவாசை எப்ப வருது பாத்தியா?”

பார்த்தேன். அந்த முதல் வருஷம் மாதிரியே, பதினைந்தாம் தேதி ராத்திரி மேல்மலையனூரில் இருந்தாக வேண்டும்.

“பி.டி.ஓ. வர்றாரேன்னு அம்மன நிக்கச் சொல்ல முடியுமா? ஊரே வண்டி கட்டுது. நீ போய் அவர அடுத்த வாரம் வரச் சொல்லு.”

வர மாட்டார் என்று எனக்குத் தெரியும். மைக் செட்டும் கிடையாது என்றாகிவிட்டது. வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொல்லிவிட்டு, சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன். அஞ்சலை மூலையில் கிடந்த களைக்கொத்தை எடுத்து, மறுநாள் வேலைக்காக வாசலில் வைத்தாள்.

நைனா எழுந்து உட்கார்ந்தார். “அவரு எதுக்கு வர்றாரு? ஜனம் கீதான்னு பாக்கத்தானே?”

“ஆமா.”

“பாக்கட்டும்” என்றார். பரணிலிருந்து பறையை இறக்கித் தோலைத் தட்டிப் பார்த்தார்.

பூட்டிய கதவுகளுக்குத் தண்டோரா

விழுப்புரத்திலிருந்து நான் வாங்கி வந்த கொடி என் பையில் இருந்தது. முந்தின நாள் சாயங்காலம் அம்மா அதைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். தேதி விஷயத்தில் அவளுக்கு என்மேல் இருந்த கோபம் தீரவில்லை. ஆனாலும், “அந்தக் கொடியும் இங்கதான் இருந்துது” என்று சொல்லி, மடித்தபடியே கேப்பைப் பானைக்குள் வைத்து மூடினாள்.

காலையில் தூறல். நைனா வைக்கோலைக் கொளுத்திப் பறையைக் காய்ச்சினார். சூடேறச் சூடேற அதன் குரல் மேலே ஏறியது. எங்கள் தெருவில் அடித்துச் சொன்னார். பிறகு வாய்க்காலைத் தாண்டி ஊருக்குள் நடந்தார். நானும் கூடப் போனேன். நான்கு தெருவும் வெறிச்சென்று கிடந்தன. ஒவ்வொரு பூட்டிய கதவுக்கு முன்னாலும் நின்று அடித்து, “இன்னிக்குக் கொடி ஏத்தறாங்கோ, எல்லாரும் வந்துருங்கோ” என்று சொன்னார்.

“பூட்டுக்கா நைனா தண்டோரா போடறீங்க?”

“சொல்லாம வுட்டுட்டான்னு நாளைக்கு ஒரு பேச்சு வரக் கூடாது” என்றார். ஒரு வாசலில் கட்டியிருந்த கன்றுக்குட்டி காதை ஆட்டியது. “தோ, ஒருத்தன் கேட்டுக்கினான்.”

ஜீப் வந்தபோது மைதானத்தில் சேரி முழுக்க நின்றது. பழக்க தோஷத்தில் எல்லாரும் முதலில் புங்க மரத்தடிக்குத்தான் போனார்கள். நடு மைதானம் காலியாகக் கிடந்தது. கொடிக்கம்பத்தைச் சுற்றி ஆளே இல்லாமல் பி.டி.ஓ. யாருக்குக் கொடியேற்றுவார்? “வாங்க, கிட்ட வாங்க” என்று நான் கூப்பிட்டேன். யாரும் அசையவில்லை. அஞ்சலைதான் ஓடிவந்து கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளைக் கூப்பிட்டுக்கொண்டே அம்மா வந்தாள். அம்மா பின்னால் மற்றப் பெண்கள் வந்தார்கள்.

பி.டி.ஓ. இறங்கிச் சுற்றிப் பார்த்தார். கோயில் கதவு சாத்தியிருந்தது. தெருக்களில் புகையில்லை.

“ஊர்ப் பெரியவங்க யாரும் இல்லையா?”

நான் அமாவாசையைப் பற்றி விளக்க வாயைத் திறந்தேன். நைனா முந்திக்கொண்டார். பறை தோளில் தொங்கியது, தலைப்பாகையில் தூறல் முத்து முத்தாக நின்றது.

“நாங்க கீறோம்ங்க.”

பி.டி.ஓ. நைனாவைப் பார்த்தார். பிறகு கம்பத்தைச் சுற்றி நின்ற எல்லாரையும் பார்த்தார். “சரி” என்றார். செருப்பைக் கழற்றிவிட்டுக் கம்பத்தடிக்கு வந்து கயிற்றை இழுத்தார்.

கொடி விரிந்தது. காலையில் நான் உள்ளே வைத்திருந்த செம்பருத்தி இதழ்களோடு கொஞ்சம் கேப்பையும் கொட்டியது. பி.டி.ஓ. தலையைத் தடவி உள்ளங்கையைப் பார்த்தார். “என்னய்யா இது?”

“கேப்பைங்க. பானையிலேர்ந்து வந்துகீது” என்றாள் அம்மா. அவள் அவரைப் பார்க்கவில்லை. அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். என் தோளைப் பிடித்து இழுத்து, “டேய் முருகேசா, மேல காவி கீதுடா! நடுவுல சக்கரம் கீது!” என்றாள்.

பி.டி.ஓ. சுருக்கமாகப் பேசினார். ஆறாவது ஆரம்பித்தால் யார் யார் சேருவீர்கள் என்று கேட்டார். அஞ்சலை கம்பத்திலிருந்து கையை எடுத்துத் தூக்கினாள். அடுத்த வாரத்திலிருந்து சாவடியில் வகுப்பு வைத்துக்கொள்ளலாம், பெஞ்சு பிறகு வரும் என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில், வாய்க்காலைத் தாண்டும்போது அம்மா கேட்டாள்: “இதோட ஆச்சா? ஆவணி ஒண்ணு கெடையாதா?”

புங்க மரத்தடி

மறுநாள் பொழுது சாய வண்டிகள் திரும்பின. மாடுகளின் கொம்பில் எலுமிச்சம்பழம், ஜனங்களின் நெற்றியில் அம்மன் கோயில் சாம்பல், பிள்ளைகள் கையில் ஊதல். நாட்டாமை வண்டியை விட்டு இறங்கும்போதே விஷயம் தெரிந்துவிட்டது. நைனாவைக் கூப்பிட்டனுப்பினார். நானும் போனேன். திட்டினால் நான்தான் பதில் சொல்ல வேண்டும் என்று தயாராகப் போனேன்.

“கொடி ஏத்திட்டீங்களாமே?”

“ஏத்தியாச்சுங்க” என்றார் நைனா. “உங்க வூட்டுக்கும் சொன்னேங்க. பூட்டிக்கினு இருந்துது.”

நாட்டாமை வெற்றிலையை மென்றார். யார் மேல் கோபப்படுவது என்று அவருக்கே தெரியவில்லை போலிருந்தது. “ஆறாங்கிளாஸ் குடுத்துட்டாரா?”

“குடுத்துட்டாருங்க.”

“அப்ப கொடி வேல முடிஞ்சிது.”

நைனா காலை மாற்றி நின்றார். “நாளைக்கு ஆவணி ஒண்ணுங்களே” என்றார்.

எப்போதும் நாட்டாமை சொல்வார், நைனா போய் அடிப்பார். நைனா நினைவுபடுத்தி நான் பார்த்ததில்லை.

நாட்டாமை எழுந்து போய் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். “ஆமாமா. நாள வுடக் கூடாது. காத்தால ஜல்தியா வந்து மோளத்த அடி” என்றார்.

அடித்தார். நான்கு தெரு, வாய்க்கால், எங்கள் தெருக்கோடி.

தூறல் விடாத காலை. நான் கொஞ்சம் பிந்தித்தான் மைதானத்துக்குப் போனேன். புங்க மரத்தடியில் எங்கள் ஆட்களைத் தேடினேன். ஒருவரையும் காணவில்லை. எல்லாரும் கம்பத்தைச் சுற்றி, முந்தாநாள் நின்ற அதே இடத்தில் நின்றார்கள். அவர்களாக முடிவு செய்து போய் நின்றார்களா, கால்தான் அங்கே கொண்டுபோய் விட்டதா, தெரியாது. முன்வரிசையில் அம்மா. அவள் கையைப் பிடித்துக்கொண்டு அஞ்சலை.

ஊர்க்காரர்கள் வந்தார்கள். வந்தவர்கள் அங்கங்கே நின்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒன்றிரண்டு இளவட்டங்கள் வாயைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார்கள். நகரு என்று நாட்டாமைதான் சொல்ல வேண்டும். எல்லாருடைய கண்ணும் அவர்மேல்.

நாட்டாமை கம்பத்தைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். தூறல் வலுத்தது. அவர் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு, ஒன்றும் சொல்லாமல் போய் ஒதுங்கினார். ஒதுங்கிய இடம் அந்தப் புங்க மரத்தடி.

நைனாவின் பறை முழங்கியது. பூசாரியின் மகன் கயிற்றை இழுத்தான். கொடி மேலே போனது. நாட்டாமை குனிந்தார், நிமிர்ந்தார், கிளையைக் கையால் விலக்கிப் பார்த்தார்.

“இங்கேர்ந்து பாத்தா ஒண்ணும் சரியாத் தெரியலயே!” என்றார், யாரிடம் என்றில்லாமல்.

அம்மா திரும்பிப் பார்த்தாள்.

“தெரியாதுங்க. இத்தினி வருசமா எங்களுக்கும் தெரியல” என்றாள். பிறகு அஞ்சலையைத் தன் பக்கமாக இழுத்துக்கொண்டு, ஓர் ஆள் நிற்க இடம் விட்டாள்.

“இப்படி வாங்க. இங்க எடம் கீது.”